பச்சை மூடி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம், எங்கள் பற்களும் நலம். உங்கள் நலமும் என் மகள் நலமும் அறிய ஆவல். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நிதானமாகப் படியுங்கள். உங்கள் வேலையும் போகவில்லை, என் வேலையும் போகவில்லை. அப்பாடா.

நான் இந்தக் கிடங்கில் சேர்ந்தபோது நம் கம்பெனிக்கு ஒரே பற்பசைதான், புதினா, அதற்குப் பச்சை மூடி. பெயரை யார் படிக்கிறார்கள், "பச்சை ஏத்துப்பா" என்று ஒரு குரல் கொடுத்தால் லாரி நிறைந்துவிடும். பிறகு தலைமை அலுவலகத்தில் நீங்கள் வந்து உட்கார்ந்து கிராம்பு, இஞ்சி, தேன், கரி, காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று, காபி குடிப்பவர்களுக்குத் தனி, காபியை விட்டவர்களுக்குத் தனி என்று இருபத்தாறாக்கினீர்கள். பெண் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்க முடியுமா, நானும் பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இங்கே என்ன நடந்தது தெரியுமா, ஒரு சுவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் மெஷினைக் கழுவ வேண்டும், அது பசை பிதுக்கிய நேரத்தைவிடக் குளித்த நேரம்தான் அதிகம். கரிக்கு டியூப் வந்தால் மூடி வராது, மூடி வந்தால் அட்டைப்பெட்டியில் தேன்கூடு படம் போட்டிருக்கும். கடைக்காரர் கேட்டது இருக்காது, இருப்பதை எந்தக் கடைக்காரரும் கேட்க மாட்டார், அப்படிக் கேட்காத பெட்டிகள் ஏறி ஏறி ஜன்னலோரம் இருந்த என் மேஜையைக் கதவோரம் தள்ளி, அங்கிருந்து கழிப்பறை வாசலுக்கே தள்ளிவிட்டன. போதாக்குறைக்கு மூடி செய்கிறவரிடம் இருபத்தாறு நிறம் ஏது, ஏழு வகைக்குப் பச்சையையே போட்டுக் கொடுத்துவிட்டார்.

விதி விளையாடியது அங்கேதான். சிறைச்சாலையிலிருந்து வழக்கமான ஆர்டர் வந்தது, நானும் வழக்கம்போல் பச்சை ஏத்துப்பா என்றேன். போனது பச்சை ஆப்பிள், முதல் பல் முளைத்த குழந்தைகளுக்கானது, டியூப் முழுக்க முயல் படம். இரண்டு நாள் கழித்து ஜெயிலர் சீருடையோடு கிடங்குக்குள் நுழைந்ததும், ஓய்வு பெறப்போகிற நேரத்தில் இந்த வயதில் உள்ளே போகணுமா என்று கையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் என் கையைக் குலுக்கிவிட்டு, முரட்டு ஆசாமிகள் எல்லாம் பல் தேய்க்காமல் அதை விழுங்குவதாக வருத்தப்பட்டார். விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது, வேலையை விட்டு நிற்கத் தயாராக வாருங்கள் என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள். உங்கள் பெயரும் அடிபட்டது. நீங்கள் வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிற சமயமாயிற்றே, உங்கள் அத்தை ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாள் இங்கே ஆலைக்கு வந்த முதலாளி, மேஜைமேல் ஏழு பச்சை மூடிகளையும் பேரைத் திருப்பி வைத்து, இதில் பழைய புதினா எது, காட்டுங்கள் என்றார். நான் காட்டியது வெள்ளரிக்காய். விற்பனை மேலாளர் காட்டியது காபியை விட்டவர்களுக்கானது. முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஒரு மூடி தெரியல உங்களுக்கு? இதைத்தானேய்யா நான் தினமும் வீட்ல தேய்க்கிறேன்!" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார்.

கணக்காளர்தான் மெதுவாகத் திருப்பிப் படித்தார்.

"ஐயா, இது நாய்க்குப் போடறது. கோழிச் சுவை."

முதலாளி அதை வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு, அதனாலதான் காலையில பசியெடுக்குதா என்று கேட்டார் பாருங்கள், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே உத்தரவு போட்டுவிட்டார், இருபத்தைந்தும் நிறுத்தம், இனிமேல் ஒரே பற்பசை, ஒரே மூடி. நீங்கள் அந்த ஒன்றுக்கே விளம்பரம் எழுதினால் போதுமாம், சம்பளத்தில் கை வைக்க மாட்டார்களாம். வீட்டைத் தைரியமாகப் பாருங்கள். நேற்று என் மேஜையைப் பழைய ஜன்னலோரத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டேன், காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. உங்கள் இருபத்தைந்தும் போனதில் வருத்தம் இருக்கும், எனக்கும் இருக்கிறது என்று எழுத ஆசைதான், வரமாட்டேன் என்கிறது.

நீங்கள் இருவரும் பதினாறும் பெற்று, அதற்கு மேல் ஒரு வகைகூடப் பெருக்காமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் அத்தை வந்து, ராத்திரிக் கிராம்பு இல்லாவிட்டால் தனக்குத் தூக்கமே வராது, அந்த ஒன்றை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லி விட்டுவைக்கச் சொல்லுங்கள் என்கிறாள். சுமை தூக்குகிறவர்கள் இஞ்சியை மட்டும் கேட்கிறார்கள். எனக்கும் அந்த வெள்ளரிக்காய், அந்த ஒன்று மட்டும். முதலாளி கோழிச் சுவையை மட்டும் இருக்கட்டும் என்றாராம், வீட்டு நாய்க்காம், அவர் வீட்டில் நாய் கிடையாது. நிறுத்தியது இருபத்தைந்து, அந்த ஒன்று மட்டும் என்று வந்தது இருபத்தாறு. கூடுதலாக வந்தது ஜெயிலர் கேட்டது, பெரியவர்களுக்கான முயல். மூடி என்ன நிறம் என்று கேட்டேன். பச்சையாம்.