வெருளியோடு கதைத்த விதானையார்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஸ்பீக்கர் விதானையாரைப் போலச் சத்தம் போடக்கூடிய இன்னொருவர் அகப்படமாட்டார். கொக்கட்டிச்சோலைப் பக்கம் அவர் இருமினால் எதிர்க்கரையில் நாய் குரைக்கும் என்பார்கள். நான் நம்புகிறேன். பிரதேச செயலகத்து வாசலில் நின்று அவர் ‘சுகமா மனே?’ என்று கேட்டதற்கே உள்ளே என் மேசையில் தேநீர் தளும்பியிருக்கிறது.

வட்டை விதானை என்பது அவருடைய பொறுப்பு. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. இன்றைக்கு யார் வயலுக்குத் தண்ணீர் என்று வரம்பில் நின்று கூவிச் சொல்ல வேண்டும். தொண்டை அதற்கென்றே வளர்ந்துவிட்டது. வீட்டில்தான் அந்தத் தொண்டைக்கு வேலையே இல்லை. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அப்பாவும் மகளும் கையால்தான் கதைப்பார்கள்.

அந்த மகள் கலியாணம் கட்டி வவுனியாவுக்குப் போய், முதல் பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். தாயில்லாப் பிள்ளை, வயிறு வலித்தாலும் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும். வெறும் குரல் அவளுக்கு எதற்கு? போனில் முகமும் கையும் தெரிய வேண்டும். எங்கள் ஊர் சிக்னலில் முகம் வந்தால் கை வராது.

சிக்னல் ஓரளவு கிடைத்த ஒரே இடம் வயல் நடுவே இருந்த மேட்டு வரம்பு. கதைக்க இரண்டு கையும் வேண்டும், போனை யார் பிடிப்பது? குருவி விரட்ட அங்கே நட்டிருந்த வெருளியின் முகத்தில் அதைக் கட்டினார். பழைய சட்டை போட்ட வைக்கோல் பொம்மைக்கு முன்னால் ஒரு மனிதர் கையை வீசிக்கொண்டு நிற்பதைக் கண்டு, புதிதாக வந்த பஸ் கொண்டக்டர் சண்டையை விலக்க இறங்கி ஓடினாராம். படம் பாதியில் அப்படியே நின்றுவிடும். மகளின் கையும் அந்தரத்தில் நிற்கும். ‘கைய ஆட்டு புள்ள, கைய ஆட்டு’ என்று இவர் கத்துவார். கேட்க வேண்டியவளைத் தவிர ஊர் முழுக்கக் கேட்கும்.

அந்த நேரம் பார்த்து, அரசாங்கம் வீட்டுக்கு வீடு வேகமான இணையம் தரப்போகிறது என்று செய்தி வந்தது. பைபர் வயரும் சந்தி வரைக்கும் வந்தது. பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்கள் செயலகக் கந்தோருக்கும் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றது. வீடுகள் அடுத்த கட்டமாம்.

‘அடுத்த கட்டம் எப்ப மனே?’

‘மேலிடத்தில இருந்து வரோணும் விதானையார்.’

‘புள்ள பொறக்கிறது மேலிடத்தக் கேட்டுட்டா பொறக்கும்?’

தினமும் இதே கதைதான். கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள் என்றாலும் உட்காரமாட்டார். வாசலுக்கும் என் மேசைக்கும் நடந்துகொண்டே கேட்பார். அவர் தலை தெரிந்தாலே எங்கள் தலைமை எழுதுவினைஞர் கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவார்.

பெரும்போக நெல் விதைப்புக்கு முந்தைய கமக்காரர் கூட்டம் வந்தது. தண்ணீர் எப்போது திறப்பது, மாடுகளை வயலிலிருந்து எப்போது வெளியேற்றுவது என்றெல்லாம் கை உயர்த்தி முடிவெடுக்கும் கூட்டம். அங்கே எடுத்த முடிவை மீறினால் தண்டம். பிரதேச செயலாளர் மேடம் தலைமை, குறிப்பெழுதுவது நான். மாட்டுத் தகராறு முடிந்து எல்லாரும் களைத்திருந்தபோது விதானையார் எழும்பினார்.

‘குளத்தில இருந்து வாய்க்கால் வெட்டினா கடைசி வயலுக்கும் தண்ணி போகோணும். சந்தியோட நிப்பாட்டினா விடுவமா?’

‘விடமாட்டம்,’ என்றது கூட்டம்.

‘மறுகா என்ன? பைபரும் வாய்க்கால்தான். குளம் திறக்கிற கிழமையே அதையும் கடைசி வீடு வரைக்கும் திறக்கோணும். கைய உசத்துங்ககா.’

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பாதிப் பேர் உர மானியத்துக்கென்று நினைத்து உயர்த்தியவர்கள். மேடம் என் பக்கம் குனிந்து, ‘எழுதுங்க, இல்லாட்டி இவர் இருக்கமாட்டார்,’ என்றார். எழுதினேன். மாடுகளுக்கும் விதைநெல்லுக்கும் நடுவே இணையம் ஏகமனதாக நிறைவேறியது.

தீர்மானத்தின் பிரதியைத் தூக்கிக்கொண்டு நகரத்திலிருந்த திட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டார் மனிதர். மீறினால் தண்டம் என்று அங்கே அவர் போட்ட போட்டில், பொறுப்பதிகாரி எங்கள் மேடத்துக்குப் போன் எடுத்தார்.

‘மேடம், இஞ்ச ஒருத்தர் வந்து...’

‘தெரியும்,’ என்றார் மேடம். ‘இஞ்ச வரைக்கும் கேக்குது.’

குளம் திறந்த கிழமை வயர் வரவில்லை. பயிர் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நின்றபோதுதான் வந்தது. தீர்மானத்தால் வந்ததா, தானாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கிற துணிவும் இல்லை. கம்பம் நட்டவர்களை அவர் நிம்மதியாக விடவுமில்லை. ‘வயர் நடுவில தொங்குதே தம்பி. அதுக்குள்ள தேங்கி நிண்டா என்ர வீட்டுக்கு என்ன வரும்?’ வாதாடுவதைவிடச் சுலபம் என்று அவர்கள் இழுத்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

இணைப்புக் கிடைத்த அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். போனால், வீட்டுக்குள் வெருளி நிற்கிறது. வேறெதற்கு முன்னால் நின்றாலும் அவருக்குக் கை ஓடாதாம். அதன் முகத்தில் கட்டிய போனில் மகள். அவள் கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், சிரித்தாள், எதையோ அடுக்கிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் இருக்கத் தெரியாத அந்த மனிதர் கதிரையில் அசையாமல் இருந்து, கையால் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

வாசல் படலையில் பக்கத்து வயல்காரர் கவலையோடு நின்றார்.

‘விதானையாருக்கு ஏதும் சுகமில்லையா? காலையில இருந்து சத்தத்தையே காணல்ல.’

‘சுகமாத்தான் இரிக்கார்,’ என்றேன். ‘மகளோட கதைக்கிறார்.’