துவக்கு அவர் வீட்டில், தோட்டா என் வீட்டில்

உலகத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இரண்டே வகைதான். சுடுகிறவர்கள் ஒரு வகை, சுட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையில் இதுவரை ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், என் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கிறார். வீட்டுச் சுவரில் ஒரு துவக்கை மாட்டி வைத்துக்கொண்டு, துவக்கு வைத்திருப்பவர்களை எல்லாம் காலையிலிருந்து மாலைவரை திட்டுவதுதான் அவருடைய பிரதான வேலை.

ஊர் அவரைக் கர்னல் என்று கூப்பிடும். இராணுவத்தில் லொறி ஓட்டி, லான்ஸ் கோப்ரலாக ஓய்வு பெற்றவர். கர்னல் பதவி, தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்காரர்களாகப் பார்த்துக் கொடுத்தது. அதற்குச் சம்பள உயர்வு கிடையாதே தவிர, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் வந்து நின்றால் கங்காணி கூடக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். எடுத்த பெயரை இன்றுவரை காப்பாற்றியும் வருகிறேன். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு மாலை கர்னல் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். கோயில் பிரசாதம் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே தோட்டாக்கள்.

"உங்க அலுமாரியில வச்சுப் பூட்டிக்கங்க டீச்சர்."

"எதுக்கு? நான் யாரச் சுட?"

"நீங்களும் சுட வேணாம், நானும் சுடக் கூடாது. அதுக்குத்தான். எனக்குக் கோவம் வந்தா உங்க வீட்டு வரைக்கும் ஏறி வரணும். வந்து கேக்கணும். யாருக்கு, எதுக்கு, வேற வழி இல்லையான்னு நீங்க விசாரிக்கணும். துவக்கு ஒருத்தர் கையில, தோட்டா இன்னொருத்தர் கையில. இதுதான் டீச்சர் ஜனநாயகம்."

"ராசம்மாக்காகிட்டயே குடுத்து வைக்கலாமே?"

ராசம்மாக்கா அவருடைய மனைவி. கர்னல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு வர்ற கோவத்துல பாதி அவ மேலதான் வருது. வழக்குல உள்ள ஆளையே நீதவானா வைக்கச் சொல்றீங்களே."

அன்று முதல் என் சேலைகளுக்கு அடியில் ஜனநாயகம் குடியேறியது.

அந்தத் துவக்குக்கு லைசன்ஸ் கிடைத்ததே காட்டுப்பன்றிகளுக்காகத்தான். ஓய்வு பெற்ற காசில் ஓடைக்கரையில் கொஞ்சம் நிலம் வாங்கி, லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார். பன்றி வந்தால் கர்னல் மூச்சிரைக்க என் வீட்டு வாசலுக்கு ஏறி வருவார். நான் கேள்வி கேட்க வேண்டும். கேட்காமல் தோட்டாவைக் கொடுத்தால் வாங்க மாட்டார்.

"யாருக்கு?"

"பன்றிக்கு."

"எதுக்கு?"

"கெழங்கத் தோண்டுது."

"வேற வழி இல்லையா?"

இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் மனிதர் உட்கார்ந்து யோசிப்பார். தகரம் தட்டலாம், நெருப்பு போடலாம், வேலியை இன்னும் உயர்த்தலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றும் ஏன் சரிவராது என்று எனக்கு விளக்குவார். விளக்கி முடித்து அவர் கீழே இறங்கும்போது பன்றி குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். "பன்றிக்கும் சேத்துத்தான் நட்டிருக்கோம் டீச்சர்" என்று ராசம்மாக்கா என்னிடம் அலுத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து அந்தத் துவக்கால் இதுவரை ஒரு பன்றிக்கும் காயம் பட்டதில்லை.

ஆனால் ஏற்பாடு வீண் என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாள் சாக்கடைத் தண்ணீர் விவகாரத்தில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரோடு வாய்ச்சண்டை முற்றி, கர்னல் முகம் சிவந்து ஏறி வந்தார். "ஒண்ணே ஒண்ணு குடுங்க டீச்சர்" என்றார். யாருக்கு என்றேன். தலைவருக்கு என்றார். நான் அலுமாரி பக்கமே போகாமல் அடுப்பை மூட்டினேன். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கோபம் இறங்கிவிட்டது. போகும்போது கும்பிட்டு, "இதுக்குத்தான் உங்ககிட்ட குடுத்து வச்சேன்" என்றார். எனக்கும் எங்கள் பள்ளிக்கூட அதிபர் மேல் அலுமாரியைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கோபம் வந்த நாட்கள் உண்டு. நல்லவேளை, துவக்கு கீழ் வீட்டில் இருந்தது.

கர்னலின் அரசியல் முழுவதும் இந்த ரகம்தான். தேர்தல் காலத்தில் ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், முதலில் கூட வருகிறவர்களின் இடுப்பைப் பார்ப்பார். காவலுக்குத் துவக்கோடு ஆள் கூட்டி வந்தவருக்குப் பால் விடாத பிளேன்டீ. வெறுங்கையோடு வந்தவருக்குப் பால் தேத்தண்ணி. ஒரு பெரிய மனிதர் பால் தேத்தண்ணிக்காகவே தன் காவலர்களைச் சந்தியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்பவில்லை. ராசம்மாக்காவின் தேத்தண்ணியைக் குடித்த பிறகு பாதி நம்பினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் அரசியல் சொல்லிக் கொடுத்த மனிதர் ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. "துவக்கும் வோட்டும் ஒரே கையில இருக்கக் கூடாது. துவக்கு உள்ளவன் சொல்றத ஊரு எப்பிடியும் கேக்கும். அவனுக்கு எதுக்கு வோட்டு? அது இல்லாதவனுக்குத்தான் வோட்டு" என்பார். தன் வீட்டுச் சுவரில் துவக்கு இருப்பதால், தனக்குத்தானே வாக்குரிமையை ரத்து செய்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப அந்தச் சனியன திருப்பிக் குடுத்துத் தொலைங்களேன். பன்றியக்கூட சுட மாட்டீங்க, பெறகு எதுக்கு?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

அதற்குக் கர்னல், "கேம்புல நான் தமிழன். லீவுல தோட்டத்துக்கு வந்தா நான் ஆமிக்காரன். ரெண்டு எடத்துலயும் என்னய ஒரு மாதிரியாத்தான் பாத்தாங்க. இந்த லைசன்ஸ் குடுத்தப்பத்தான், சரி, இந்த ஆள நம்பலாம்னு நாடு ஒரு வார்த்த சொன்ன மாதிரி இருந்துச்சு. அத எப்பிடி டீச்சர் திருப்பிக் குடுக்குறது?" என்றார். அன்றைக்கு அவரை மேற்கொண்டு திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இப்படியே போயிருக்கும், பிரதேச சபைத் தேர்தல் வராமல் இருந்திருந்தால். வேட்பாளர் பட்டியலில் பெண்கள் இருந்தாக வேண்டும் என்பதால் ஒரு சுயேச்சைக் குழு பெண் தேடி லயம் லயமாக அலைந்தது. பெயருக்கு ஒருத்தி கிடைத்தால் போதும் என்று ராசம்மாக்காவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் செய்த தப்பு அதுதான். ராசம்மாக்கா பெயருக்கு எதையும் செய்து பழக்கமில்லாதவர். மேல் லயத்துக்கு ரோடு இல்லை. நோயாளி என்றால் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு சறுக்குப் பாதையில் இறங்க வேண்டும். அந்த ரோட்டுக்காகவே வோட்டுக் கேட்கிறேன் என்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். போட்டி கடுமை. ஒவ்வொரு வாக்கும் இழுபறி என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எல்லா வீட்டுக்கும் போனவர் ஒரே ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை. அது அவருடைய வீடு.

"ஒரு வார்த்த கேட்டுப் பாருங்கக்கா" என்றேன்.

"கேக்க மாட்டேன் டீச்சர். அந்த மனுசனுக்கு அந்தத் துவக்குல என்னமோ இருக்கு. பொண்டாட்டி கேட்டாங்கிறதுக்காக அத விடச் சொல்லக் கூடாது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு எவ்வளவு ஆசை என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

கர்னலும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மனைவி போகும் இடமெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். அப்படித்தான் ஒரு மழை நாளில் நாங்கள் மூவரும் மேல் லயத்துக்குப் போனோம். ஒரு வீட்டில் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண், ராசம்மாக்காவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வோட்டுப் போடாம இருக்க முடியுமாக்கா? உங்க வீட்டுல துவக்குல்ல இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். ராசம்மாக்காவும் சிரித்தார். குடை மட்டும் ஆடாமல் நின்றது.

திரும்பி வரும்போது கர்னல் என்னோடு பின்தங்கி நடந்தார். "ஒரு தடவ எலெக்ஷன் டியூட்டிக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போனேன் டீச்சர். லொறிக்குப் பக்கத்துல துவக்கோட நின்னேன். சும்மாத்தான் நின்னேன். வயசான ஒரு அம்மா கியூவுல வந்துச்சு. என்னயப் பாத்துச்சு. கையில இருந்த வோட்டுக் கார்ட முந்தானையில முடிஞ்சுக்கிட்டு அப்பிடியே திரும்பிப் போயிருச்சு. நான் கூப்பிட்டேன், தமிழ்லதான் கூப்பிட்டேன். அது ஓட ஆரம்பிச்சிருச்சு." அடுத்த வளைவில் இறங்கிக்கொண்டே தொடர்ந்தார். "அந்தப் புள்ள இப்ப வெளையாட்டாத்தான் சொன்னுச்சு. இருந்தாலும் ராசம்மாவுக்கு விழுற வோட்டு அப்பிடி விழக் கூடாது."

மறுநாள் காலையில் ஏறி வந்து பிஸ்கட் டின்னைக் கேட்டார். யாருக்கு என்று ஆரம்பித்தேன். "பொலிசுக்கு. திருப்பிக் குடுக்க. வேற வழி இல்ல" என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டார்.

டவுனுக்குப் பஸ்ஸில் போனோம். கொள்கை கொள்கைதான் என்று, போர்வையில் சுற்றிய துவக்கோடு அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார், தோட்டாக்களோடு நான் பின் சீட்டில். கண்டக்டர் போர்வையைத் தட்டி, "என்ன மாமா இது?" என்றார். "துவக்கு" என்றார் கர்னல். பஸ்ஸே சிரித்தது. உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

பொலிஸ் நிலையத்தில் இருந்த சார்ஜன்ட் நல்ல மனிதர். துவக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பழுதா என்று சிங்களத்தில் கேட்டார். கர்னலும் சிங்களத்தில் விறைப்பாகப் பதில் சொன்னார். "பழுதில்லை சேர். என் மனைவி தேர்தலில் நிற்கிறாள். இந்த நேரத்தில் இது வீட்டில் இருப்பது சரியில்லை."

சார்ஜன்ட் கர்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து கர்னலின் தோளைத் தட்டி, "நல்ல முடிவு. எனக்கும் மனைவி இருக்கிறாள்" என்றார். விளக்கப் போன கர்னலை நான் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். வரும் வழியெல்லாம் அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். போர்வையை மடித்து மடித்துப் பிரித்தார்.

ராசம்மாக்காவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. சுவரில் வெறும் ஆணியைப் பார்த்து அக்கா தானாகவே புரிந்துகொண்டார். அவரும் எதுவும் கேட்கவில்லை. அன்று அவர்கள் வீட்டுக் கோழிக்குழம்பு வாசம் என் வீடுவரை வந்தது.

வாக்களிப்பு நாளில் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. கதவு திறப்பதற்கு முன்பே கர்னல் வெள்ளைச் சட்டையோடு கியூவில் முதல் ஆளாக நின்றார். உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. சின்னத்தைத் தேடுகிறாரா, சட்டம் பேசுகிறாரா என்று எனக்குப் பதற்றம். வெளியே வந்தபோது இடது கையை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார், மை காயட்டும் என்று.

ராசம்மாக்கா ஜெயித்தார். சொற்ப வித்தியாசம்தான். மறுநாள் காலை, வாழ்த்துச் சொல்ல வந்த கூட்டம் எல்லாம் போன பிறகு, என் முன்னாலேயே புருஷனைப் பிடித்துக்கொண்டார். "இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. எனக்குத்தானே போட்டீங்க?"

"வாக்கு ரகசியம்" என்றார் கர்னல். "மெம்பரே இப்பிடிக் கேக்கலாமா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். அப்போதுதான் கவனித்தேன். மனிதர் இடது சுண்டுவிரலில் பொலித்தீன் பையைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். குளிக்கும்போது மை போய்விடக் கூடாதாம். உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "எங்கப்பா இந்தத் தோட்டத்துலதான் பொறந்தாரு டீச்சர், இங்கயேதான் செத்தாரு. பிரஜாவுரிமை இல்லாம, வோட்டு லிஸ்ட்டுல பேரே இல்லாத ஆளு. தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிச்சே கை காச்சுப் போச்சு. அந்தக் கையில ஒரு வெரல நீட்டுங்கன்னு அவர ஒருத்தரும் கேக்கல."

சொல்லிவிட்டு நூலை அவிழ்த்து விரலைப் பார்த்தார். மை அப்படியே இருந்தது. மறுபடி சுற்றிக் கட்ட ஒரு கையால் முடியாமல் என்னிடம் நீட்டினார். நான் இறுக்கமாக, இரண்டு முடிச்சாகவே போட்டுக் கட்டிவிட்டேன்.