மாஸ்டர் நடத்திய அஸ்பயர் பாடம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டருக்கு வீட்டில் அதிகாரம் என்று ஒன்றும் கிடையாது. ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், எந்தச் சட்டையைப் போட வேண்டும், எந்தச் சொந்தக்காரரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், எல்லாமே மனைவியின் உத்தரவு. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது நோயாளிகளை அதட்டி மாத்திரை விழுங்க வைக்கிறவளுக்கு வீட்டில் இருக்கிற ஒற்றை ஆள் எம்மாத்திரம்?

ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் மாஸ்டர்தான் ராஜா. டாக்டர், பூக்கடைக்காரர், பேரன் எடுத்த பெரியவர் என்று ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். மனைவி கேட்டால் மட்டும் பதினோரு வருஷமாக "அப்புறம் பார்க்கலாம்". மழை, வெயில், தேய்ந்த டயர், அவளுடைய மூக்குக்கண்ணாடி என்று வருஷத்துக்கு ஒரு சாக்கு. உண்மைக் காரணத்தை நான் போட்டு உடைத்துவிடுகிறேன். மனிதருக்குப் பயம். அந்த ஒரு ராஜ்ஜியமும் கையை விட்டுப் போய்விட்டால் அப்புறம் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி ஒரு படிவத்தோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நோயாளிகளின் வீட்டுக்கே போய் ஊசி போட்டுக் கட்டு மாற்றிவிட்டு வருகிற புது வேலை. மனுப் போட மறுநாள்தான் கடைசி நாள்.

"என்னங்க, இதுல 'வாட் டூ யூ அஸ்பயர் டூ'ன்னு கேட்டிருக்காங்க. அஸ்பயர்னா ஆசைப்படறதா?"

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அவரிடம் சந்தேகம் கேட்பதே அபூர்வம். டிரைவிங் டெஸ்ட் மைதானத்தில் காத்திருக்கும் நேரமெல்லாம் ஆங்கில அகராதி படிக்கிறவரிடம் போய் இப்படிக் கேட்டால் விடுவாரா?

"ஆசையா? சேச்சே! டீ வேணும்னு நினைச்சா அது ஆசை. எட்டாத உயரத்துல இருக்கிற ஒண்ணை எப்படியும் பிடிச்சே தீருவேன்னு ராப்பகலா பாடுபட்டா, அதுக்குப் பேருதான் அஸ்பயர்."

"அடேங்கப்பா!"

"பின்னாடி ஒரு 'டூ' வரணும். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. மறந்தா மாட்டிக்குவே."

"மூணு வாக்கியம் எழுதறேன். சரியான்னு பாருங்க."

எழுதினாள். நல்ல நர்ஸாக அஸ்பயர். மேல்படிப்புக்கு அஸ்பயர். மூன்றாவதைப் பார்த்ததும் மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கார் ஓட்ட அஸ்பயர்.

"பிரமாதம்! இந்த வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமா உதாரணமே கிடையாது. ஆயுசு பூரா நீ அஸ்பயர் பண்ணலாம்."

"ஏங்க, கைக்குக் கிடைச்சுட்டதுக்கும் அஸ்பயர் போடலாமா?"

"கூடவே கூடாது. கிடைச்சாச்சுன்னா அந்த வார்த்தைக்கு அங்க வேலை இல்ல."

அவள் பேனாவை எடுத்து மூன்றாவது வாக்கியத்தை நிதானமாக அடித்தாள்.

"அதை ஏன் அடிக்கறே?"

"கிடைச்சாச்சே."

கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டிரைவிங் லைசென்ஸ். மாஸ்டர் அதை முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். போட்டோவிலும் அதே மூக்குக்கண்ணாடி, அதே அதட்டல்.

"எப்போ?"

"மூணு மாசமாச்சு. இந்த வேலைக்கு லைசென்ஸ் கட்டாயம்."

"டெஸ்டுக்கு நான்தானே எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்! உன்னை நான் பார்க்கவே இல்லையே?"

"நீங்க செவ்வாயும் வியாழனும்தானே போவீங்க. நான் புதன்கிழமை போனேன்."

மாஸ்டர் அட்டையை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். அவளே சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றாள்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர், அரிச்சுவடியிலேயே இவள் கோட்டை விடுவாள், பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று காத்திருந்தார். வண்டி துளிக்கூட உதறாமல் கிளம்பியது. திருப்பத்தில் அவருடைய கால் தானாக பிரேக்கைத் தேடி அழுத்தியது. டிரெய்னிங் வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. சொந்த வண்டியில் வெறும் மிதியடிதான்.

பாலத்து மேட்டில் வண்டிகள் நின்றுவிட்டன. பழகியவர்களே பின்னால் உருட்டிவிடுகிற இடம். இவள் நூல் அளவுகூடப் பின்னே போகாமல் எடுத்தாள். அப்புறம் ஒரு குறுகலான சந்து. எதிரே தண்ணி லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் ஹாரன்காரனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள். சந்து முழுக்க, இரண்டு பக்கச் சுவரும் உரசாமல், வளைந்து வளைந்து ரிவர்ஸிலேயே வந்தாள். லாரிக்காரன் ஹாரனை விட்டுவிட்டுக் கும்பிட்டான்.

சும்மா சொல்லக் கூடாது, மாஸ்டர் அசந்தே போனார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ரிவர்ஸை அவர் பார்த்ததில்லை. அவரே போட்டதில்லை. ராஜ்ஜியம் போனதற்கு அழ வேண்டிய நேரத்தில், 'இவ என் பொண்டாட்டி' என்று அந்த லாரிக்காரனிடம் இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

வீடு திரும்பியதும் மெதுவாகக் கேட்டார்.

"யாரும்மா உனக்குக் கத்துக்கொடுத்தது?"

"நீங்கதான்."

"நானா?"

"சாப்பிட உட்கார்ந்தாலே அன்னிக்கு யாரு என்ன தப்புப் பண்ணினாங்க, எப்படி ஓட்டியிருக்கணும்னு தட்டையே ஸ்டீயரிங்கா திருப்பிக் காட்டுவீங்களே? நான் 'அப்புறம்?'னு மட்டும்தான் கேட்பேன். பதினோரு வருஷப் பாடமுங்க. ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயி அவ கார்ல ஓட்டிப் பழகிப்பேன்."

அன்று மத்தியானம் மாஸ்டர் சாப்பிட உட்காரும்போதே ஒரு முடிவோடு உட்கார்ந்தார். இனி இந்த வீட்டில் வண்டியைப் பற்றி மூச்சு விடுவதில்லை. வாயை இறுக மூடிக்கொண்டார்.

"ஏங்க, லாரி ஓட்டறதும் கார் ஓட்டறதும் ஒண்ணுதானாமே?"

"எந்த மடையன் சொன்னான்?" மாஸ்டர் தட்டைக் கையில் தூக்கிவிட்டார். "லாரி சமாச்சாரமே வேற. முதல்ல கியரைச் சொல்றேன், கேளு..."

மனைவி மோவாயில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.