தானாக வரும் இணைப்பு

"ஆய்த்தா, சந்திரசேகரன்?" என்று கேட்டார் மேனேஜர்.

"இன்னிக்கு ஆயிடும் சார்" என்றான் சந்திரசேகரன். நேற்றும் இதையேதான் சொல்லியிருந்தான்.

தொம்மலூரில் பம்புசெட் விற்கும் கம்பெனியின் கிளை அது. கம்ப்யூட்டரைப் போட்டதும் இன்டர்நெட் தானாகவே வந்துவிட வேண்டும் என்பது மேனேஜர் சேஷகிரியின் உத்தரவு. சந்திரசேகரன் பில் போட வந்தவன். திருப்பத்தூரில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்ததை விண்ணப்பத்தில் எழுதித் தொலைத்திருந்தான். அவனை நிரந்தரமாக்கும் ஆர்டர் சேஷகிரியின் டிராயரில் கையெழுத்துக்குக் கிடந்தது.

முதல் நாள், பாஸ்வேர்ட் கேட்டு ஒரு கட்டம் வந்து நின்றது.

"பட்டனை நானே அமுத்தணும்னா நீ எதுக்கய்யா?"

பாஸ்வேர்டைச் சேமித்து வைத்தான். மறுநாள் மோடம் ஒருமுறை டயல் செய்து, எதிர்முனை பிஸி என்றதும் ஓய்ந்துவிட்டது. கிடைக்கும் வரை விடாமல் அடிக்கும்படி மாற்றினான். மூன்றாம் நாள் காலை ஒன்பதுக்கு மோடம் கீச்சிட்டுக் கரகரத்து, ஒருவழியாக இணைந்தது. சாயங்காலம் வரை விடவில்லை. ஆபீஸில் இருந்ததோ ஒரே போன்; மோடம் பிடித்துக்கொண்டிருந்ததும் அதன் லைனைத்தான்.

சேஷகிரிக்கு ஏக சந்தோஷம். "சபாஷ்! நாளைக்கும் இப்படியே ஓடணும்" என்று காபி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் ஹொஸ்கோட்டேயிலிருந்து கோவிந்தப்பா என்ற விவசாயி பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார்.

"நேத்து பூரா அடிச்சேன், எப்பவும் என்கேஜ்டு! மோட்டார் எரிஞ்சு தக்காளியெல்லாம் வாடுது. போனைத் தூக்கி வெச்சுட்டுத் தூங்கறீங்களா?"

சந்திரசேகரனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெக்கானிக்கை அவரோடு அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் இணைப்பு தானே அறுந்துவிடும்படி செய்தான்.

அதற்கும் வந்தது வசவு. "யாரைக் கேட்டுக் கட் பண்ணே? நாள் பூரா இருக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

போன் வேண்டும், நெட்டும் வேண்டும். சனிக்கிழமை மதியச் சோற்றை விட்டுவிட்டு, பரண்மேல் ஏறினான். பழுதாகிப் போன ஃபேக்ஸ் மெஷினின் லைன் அங்கே சும்மா கிடந்தது. ஒட்டடையைத் தின்றபடி ஒயரை இழுத்து வந்து மோடத்தில் செருகினான். முட்டி பெயர்ந்தது. ஆனால் ஐந்து நாளில் முதல்முறையாகச் சிரித்தான்.

திங்கள் காலை ஒன்பது மணி. கம்ப்யூட்டரைப் போட்டான். நெட் வந்தது. மறு நிமிடமே போனும் அடித்தது.

சேஷகிரி திடுக்கிட்டு எடுத்தார். எடுத்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எஸ் சார்... இல்ல சார்... லைன் ரிப்பேர் சார்... ஸாரி சார்..." இருபது நிமிடம் நின்றபடியே பேசினார். பிறகு டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சந்திரசேகரனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வெளியே போனார்.

சந்திரசேகரன் டைப்பிஸ்ட் மௌரீனிடம் போய் நின்றான்.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்? அவர் கேட்ட நெட்டுதான் நாள் பூரா ஓடுதே?"

மௌரீன் தட்டச்சை நிறுத்தாமலேயே சொன்னாள்: "அந்த ஆளுக்கு ஈமெயிலே கிடையாதுப்பா. சென்னை ஜி.எம். போன் பண்ணித் திட்டக் கூடாதுன்னுதான் நெட்டே போடச் சொன்னாரு!"