பாதாள கங்கையும் ஆறாயிரம் ரூபாய் ஹெட்போனும்

கங்கை வடக்கே ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது சுத்தப் பொய். எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரை மாதத்தில் அது உத்திரமேரூர்ப் பக்கம், பூமிக்கு அடியில், சரியாக நாற்பத்தைந்து அடி ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற சத்தத்தை உங்கள் காதாலேயே கேட்கலாம். ஒரு தடவை கேட்கப் பதினோரு ரூபாய். தேங்காய், வெற்றிலை பாக்கு தனி.

கேட்க வைத்தவர் வேதாசல சுவாமிகள். எந்த ஊர், என்ன குலம், எங்கே சாப்பாடு என்று யாருக்கும் தெரியாது. மழை இரண்டு வருஷமாக ஏமாற்றிவிட்டது. ஏரிக்குள் ஆடு மேய்ந்தது. கிணறுகளிலிருந்து தவளைகள்கூடக் காலி செய்துகொண்டு போய்விட்டன. அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் யாரிடமும் விலாசம் கேட்பதில்லை. காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், தோளில் வார் போட்ட ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி மேலே போய், தலையில் மாட்டியிருந்த பெரிய ஹெட்போனில் முடிந்தது. விமானம் ஓட்டுகிறவர் படத்தில் மாட்டியிருப்பாரே, அந்த மாதிரி. காவியையும் ஹெட்போனையும் ஒரே ஆளிடம் பார்த்த ஜனங்கள், பக்திக்குப் பக்தி, சயின்ஸுக்கு சயின்ஸ் என்று விழுந்து கும்பிட்டார்கள்.

அந்த ஹெட்போனின் வரலாற்றைச் சுவாமிகள் தினமும் மூன்று வேளை சொல்லுவார். ஜெர்மனியில் நீர்மூழ்கிக் கப்பலுக்காகச் செய்தது. மொத்தமே ஒன்பது. ஏழு கப்பலோடு மூழ்கிவிட்டது, எட்டாவது ஏதோ ஒரு ராஜாவிடம் இருக்கிறது, ஒன்பதாவது இதோ. உள்ளே தங்க முலாம் பூசிய கம்பி. பெட்டியில் பின்னைச் செருகும்போது வடக்கே பார்த்துச் செருக வேண்டும். நாற்பத்தெட்டு நாள் பூஜையில் வைத்துப் பழக்கினால்தான் சத்தம் முழுசாகத் திறக்கும். கடைசியாக ஒரு சின்ன நிபந்தனை: பாவம் செய்தவன் காதில் கங்கை விழாது. இதைச் சொன்ன பிறகு எவன் கேட்கவில்லை என்பான்? ஊர்க் கோயில் உண்டியலில் கை வைத்தவன்கூட, வெள்ளமா ஓடுது சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

திருப்புலிவனத்தில் ஒருத்தருக்கு முப்பது அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது. ஏரிக்கரையை ஒட்டிய நிலம் அது. அங்கே எந்தப் பஞ்சத்திலும் தண்ணீர் வரும். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வராத கிணறுகள் நாலு, நாலும் சாலவாக்கத்துப் பக்கம் ஒரே ஊரில். அந்த நாலையும் வெட்டியவன், ஊர்க்கோடிக் குடிசையில் இருக்கும் பொன்னன் என்ற இருளர். வெட்டியவன் நிழல் பட்டுக் கங்கை ஒதுங்கிவிட்டது என்று சுவாமிகள் காரணம் கண்டுபிடித்தார். ஊரும் அதை ஏற்றுக்கொண்டு பொன்னன் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வந்தால் சுவாமிகளின் காது, வராவிட்டால் பொன்னனின் நிழல். இந்த வியாபாரத்தில் நஷ்டம் எங்கிருந்து வரும்?

அதே ஊரில் பஞ்சாட்சரத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஐந்து குதிரைத் திறனில் ஒரு ஆயில் இன்ஜின். கிணறு வற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவனும் பதினோரு ரூபாய் கொடுத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். 'ஓ' என்று ஒரு சத்தம், எங்கேயோ தூரத்தில் மதகு திறந்த மாதிரி. பஞ்சாட்சரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எட்டு மாதம் காய்ந்த மண்ணையே பார்த்தவனுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அழுகை வராமல் என்ன வரும்?

அழுகிற ஆளைச் சுவாமிகள் எப்போதும் குறித்து வைத்துக்கொள்வார். அன்று சாயங்காலமே பஞ்சாட்சரத்தைத் தனியே கூப்பிட்டார். குருநாதர் கனவில் வந்தாராம். தாலுகாவிலேயே உத்தமமான ஒருவனிடம் இதை ஒப்படைத்துவிட்டு இமயமலைக்குப் புறப்பட்டு வா என்றாராம். அந்த உத்தமன் யார் என்று இன்று உன் கண்ணீரில் தெரிந்துகொண்டேன் என்றார். குருநாதர் விலையையும் கனவிலேயே நிர்ணயித்திருந்தார். ஆறாயிரம் ரூபாய். போட்ட இடத்தில் எல்லாம் தண்ணீர் காட்டுகிற சாமானை ஒருவன் எதற்காக விற்க வேண்டும் என்ற கேள்வி பஞ்சாட்சரத்துக்கு வரவில்லை. உத்தமன் என்று கூப்பிட்ட பிறகு கேள்வி எப்படி வரும்?

மூன்று நாள் யோசித்தான். அவன் யோசித்தது வாங்கலாமா என்பதை அல்ல, எதை விற்று வாங்கலாம் என்பதை. சொந்தக் கிணற்றுக்கு ஊற்றுப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு ஊரெல்லாம் பார்க்கலாம். ஒரு தடவைக்குப் பதினோரு ரூபாய். கனவு நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் ஆறாயிரம் தேறுகிற சாமான் ஒன்றே ஒன்றுதான், இன்ஜின். அடுத்த தெரு வீராசாமி அதன் மேல் கண் வைத்து ரொம்ப நாளாயிற்று. போய்ப் பேசி முடித்துவிட்டு வந்து, பொண்டாட்டி கனகாவிடம் சொன்னான்.

அந்த இன்ஜின் வாங்கியபோது கனகா தாய்வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த இரண்டு கறவை மாடுகளும் அதற்கு விலையாகப் போய்விட்டன. அவள் சத்தம் போடவில்லை.

"இன்ஜின வித்து தண்ணியக் கண்டுபுடிச்சிட்டு, அப்பால காதாலயா எறைக்கப் போற?" என்றாள்.

"இன்ஜின் எப்ப வேணா வாங்கிக்கலாம்மே. இது ஒலகத்துலயே ஒண்ணுதான் கீது."

"ஒண்ணுதான் கீதுன்னு யாரு எண்ணிப் பாத்தது?"

பதில் இல்லாத புருஷன் எதைச் சொல்லுவானோ அதைச் சொன்னான்: படிக்காதவள், உனக்கு என்ன தெரியும். அவன் படித்தது ஐந்தாவது. மறுநாள் பொன்னன் வந்து வாசலில் நின்றான். அந்த ஆள் காட்டிய இடத்தில் நாலு கிணறு வெட்டியிருக்கிறேன், மண்ணைத் தவிர எதுவும் இல்லை, இன்ஜினைக் கொடுத்துவிடாதே என்று சொல்லிப் பார்த்தான். பஞ்சாட்சரம் அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். நிழல் உள்ளே விழுகிறதாம்.

வெள்ளிக்கிழமை காலை பஞ்சாட்சரத்தின் பம்புசெட்டுக் கொட்டகை முன்னால் ஊரே கூடிவிட்டது. வீராசாமி மாட்டுவண்டியோடு வந்து, ஆறு பேரை வைத்து இன்ஜினைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். பணம் அவன் மடியில் இருந்தது. தூக்கியவர்களுக்காகக் கனகா பெரிய பித்தளைச் சொம்பில் மோர் கொண்டு வந்திருந்தாள். பணம் கை மாறுவதற்கு முன்னால் அவள் சுவாமிகளிடம் போய், ஆறாயிரம் போட்டு வாங்கும் சாமான், நானும் ஒரு தடவை கேட்கிறேன் என்றாள்.

பெண்கள் கேட்கலாகாது என்றார் சுவாமிகள். காதில் பொன் இருந்தால் கங்கை ஒதுங்கும். கனகா அப்படியே உட்கார்ந்து இரண்டு கம்மலையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கூட்டம் ஆகா என்றது. இத்தனை பேர் முன்னால் சுவாமிகளால் மறுக்க முடியவில்லை. அவளே பெட்டியைத் தோளில் மாட்டி, வெயிலுக்கு முந்தானையால் அதை மூடி, ஹெட்போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள்.

"கேக்குதா?" என்றான் பஞ்சாட்சரம், பரீட்சை எழுதிய பிள்ளையின் தகப்பன் குரலில்.

"கேக்குது."

கூட்டம் கை தட்டியது. பஞ்சாட்சரத்துக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் அப்படியே வரப்பு மேல் நடந்தாள். இங்கேயும் கேட்கிறது என்றாள். நாற்பது அடி, இனிப்புத் தண்ணீர் என்றார் பின்னாலேயே போன சுவாமிகள். பாறை தெரிந்த மேட்டில் நின்று, இங்கேயும் கேட்கிறது என்றாள். பாறைக்கு அடியில் பிரவாகம் என்றார். திரும்பி வந்து கொட்டகையின் பக்கப்படியில் ஏறி, மொட்டை மாடி மாதிரி இருந்த தளத்தின் மேல் போய் நின்றாள்.

"சாமி, மெத்த மேல இன்னும் ஜோரா கேக்குது."

சுவாமிகளுக்கு அன்று உற்சாகம் தலைக்கு ஏறியிருந்தது. ஆறாயிரம் ரூபாய் பத்து அடி தூரத்தில் இருந்தால் யாருக்குத்தான் ஏறாது? உயரத்தில் கேட்டால் ஊற்று அத்தனை வலுவானது என்று பொருள், கருவி பொய் சொல்லாது என்று கூட்டத்தைப் பார்த்து முழங்கினார்.

கனகா முந்தானையை விலக்கினாள். பெட்டி தோளில் இருந்தது. ஹெட்போன் தலையில் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய கம்பி அவள் இடுப்போரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையிலிருந்த பின்னைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

"முந்தானையால பொட்டிய மூடசொல்லவே இதப் புடுங்கிட்டேன். அப்ப இவ்ளோ நேரம் ஓடினது எந்தக் கங்க சாமி?"

சுவாமிகள் முதலில் சுதாரித்தார். சக்தி பெட்டியில் இல்லை, காதுக் கிண்ணத்தில்தான் இருக்கிறது என்றார். கனகா இறங்கி வந்து, சொம்பில் மிச்சமிருந்த மோரை வரப்பில் ஊற்றி, உதறி, அதன் வாயைப் பஞ்சாட்சரத்தின் காதில் வைத்து அழுத்தினாள். அவன் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை.

'ஓ' என்று கேட்டது. அதே சத்தம். தூரத்தில் மதகு திறந்த சத்தம். அன்று கண் கலங்கக் கேட்டானே, அதேதான், மோர் வாசனையோடு. காதை எதைக் கொண்டு மூடினாலும் இந்தச் சத்தம் வரும் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் காது மடலெல்லாம் சுட்டது. சொம்பு கை மாறிக் கை மாறிப் போயிற்று. சொம்பு கிடைக்காதவர்கள் உள்ளங்கையைக் குவித்து வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்தில் ஊரில் பாதி, காதைப் பொத்திக்கொண்டு பாதாள கங்கையைக் கேட்டுக்கொண்டு நின்றது. பாவிகள் உட்பட எல்லோருக்கும் கேட்டது.

பெட்டியைத் திறந்தவன், அதுவரை கூட்டத்துக்கு வெளியே தள்ளி நின்ற பொன்னன். கனத்துக்கு ஒரு முழுச் செங்கல், இரண்டு டார்ச் பேட்டரி, ஒரு சிவப்பு பல்பு. பொன்னன் செங்கல்லைக் கையில் எடுத்துச் சுவாமிகள் முன்னால் நீட்டினான்.

"நான் மேல நின்னா தண்ணி ஓடிப்பூடுதுன்னியே. இதுக்குள்ளயும் என் நெயலா பட்டிச்சி?"

சுவாமிகளின் செந்தமிழ் அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று. வயித்துப் பொயப்பு நைனா, வுட்டுடுங்க என்று எல்லோரையும் போலப் பேசினார். நாலு பேர் அடிக்கக் கை ஓங்கினார்கள். முந்தின வாரம் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டதும் அந்த நாலு பேர்தான். கனகா குறுக்கே வந்தாள்.

"அவர ஸ்டேஷன்ல குடுத்துக்கலாம். பொன்னன் கூலியப் புடிச்சது அவர் இல்ல. அது யாரு யாருன்னு இப்ப சொல்லுங்க."

கூட்டத்தில் பலருக்கு உடனே வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது. வராத நாலு கிணறுகளில் ஒன்று வீராசாமியுடையது. அவனால் நகர முடியவில்லை, இன்ஜின் ஏற்றிய வண்டி அவனுடையது. மடியிலிருந்த பணத்தில் தன் பங்கை எண்ணிப் பொன்னன் கையில் கொடுத்தான். அதன் பிறகு மற்ற மூன்று கிணற்றுக்காரர்களும் தலையைச் சொறிந்துகொண்டு வந்து கொடுத்தார்கள். இன்ஜினை ஏற்றிய ஆறு பேரே இறக்கி வைத்தார்கள். பஞ்சாட்சரமும் ஒரு பக்கம் பிடித்தான், யார் முகத்தையும் பார்க்காமல்.

கூட்டம் கலைந்ததும் அவன் பொன்னன் பக்கத்தில் போய், நிழல் மேலே நிழல் விழ நின்று, நிஜமாகவே தண்ணீர் எங்கேதான் இருக்கிறது என்று கேட்டான்.

"தெரியாது நைனா," என்றான் பொன்னன். "தோண்டினாத்தான் தெரியும்."

சுவாமிகள் வந்ததிலிருந்து, தண்ணீர் இருக்கும் இடத்தைப் பற்றி அந்த ஊரில் காசு வாங்காமல் ஒருவன் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

கனகா சொம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வழியில் ஒரு பெரியவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். துண்டைக் கையில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அந்த ஆள் திருடன்தான், ஆனால் உன் சொம்பில் கங்கை ரொம்பத் தெளிவாகக் கேட்கிறதே, என்ன விலைக்குத் தருவாய் என்றார்.

கனகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு காதுக்கு நடுவுல ஒண்ணு கீதே, பெரியவரே, அத ஒரு நாளாவது தொறந்து பாத்தியா? அதுக்கு யாரும் துட்டு கேக்க மாட்டாங்க."