மாடியில் பூட்டிய காற்று

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மலை இருந்தது. மாசி பிறந்தால் இருக்காது. சித்திரையில் தண்ணீர்த் திருவிழா முடிந்து, முதல் பெருமழை பெய்ததும் மறுபடி இருக்கும். நடுவில் எங்கே போயிற்று என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. மலை என்றால் அதற்கும் நாலு வேலை இருக்கும்.

வடக்குத் தாய்லாந்தில், அகழி சூழ்ந்த அந்தப் பழைய நகரத்தில், தேக்கு மரங்கள் நிற்கிற ஒரு சந்தில்தான் கம்பேங் அக்காவின் வீடு. கீழே காவ் சோய் கடை. தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸைப் போட்டு, மேலே பொரித்த நூடுல்ஸ் ஒரு கைப்பிடி தூவித் தருவாள். கடைக்கு மேலே வாடகைக்கு ஓர் அறை. அறைக்கு மேற்கே பார்த்த ஜன்னல். ஜன்னல் நிறைய மலை. அந்த மலைக்காகத்தான் யூப் குடிவந்தார்.

யூப் ஹாலந்துக்காரர். பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். அவர் பிறந்த ஊர் கடல் மட்டத்துக்கும் கீழே. அங்கே உயரமான பொருள் என்று தேடினால் பசுமாடுதான் அகப்படும். அப்பேர்ப்பட்டவர் மலையைப் பார்த்ததும் விழுந்துவிட்டதில் வியப்பில்லை. ஆனால் மலையோ வருஷத்தில் மூன்று மாதம் ஆளைக் காணோம். சுற்றுவட்டாரக் காடும் வயலும் எரிந்து, புகை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே வருஷா வருஷம் புகை இறங்கியதும் யூப் கீழே வந்து, கம்பேங் மிளகாய் நிறுக்கிற தராசை இரவல் வாங்கிப் போவார். இருப்பதா, போவதா என்று நிறுத்துப் பார்ப்பதற்கு. இருக்க ஒரு காரணம் தோன்றினால் இடது தட்டில் ஒரு புளியங்கொட்டை. போக ஒரு காரணம் தோன்றினால் வலது தட்டில் ஒன்று. காவ் சோய்க்கு ஒன்று, விடியற்காலைக் கோயில் மணிக்கு ஒன்று, 'சீக்கிரம், சீக்கிரம்' என்று யாரும் துரத்தாததற்கு ஒன்று. அந்தப் பக்கம் தொண்டைக் கரகரப்புக்கு ஒன்று, காணாமல் போன மலைக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் 'நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்' என்று வாக்குமூலம் கொடுப்பதற்கு இரண்டு.

எப்போதும் இடது தட்டுதான் இறங்கும். இறங்காமல் என்ன செய்யும்? அதன் அடியில் கம்பேங் தேன்மெழுகு ஒட்டி வைத்திருந்தாள்.

யூப் போனால் அறைக்கு வேறு ஆள் வரும். ஆனால் சாயங்காலம் கடை கட்டும்போது கேட்காமலே வந்து நாற்காலிகளைக் கவிழ்த்து வைக்கவும், ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பேர் வைத்துத் திட்டவும் வேறு ஆள் வராது. கணவன் போய்ச் சேர்ந்து வெகு காலமான கம்பேங் அதற்கு மேல் தன்னிடம்கூட ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. மெழுகை மட்டும் அழுத்தி ஒட்டினாள்.

இந்த வருஷம் மெழுகுக்கும் சோதனை வந்தது. ஊரில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் போர்ச்சுகல் போகத் தொடங்கினார்கள். போன வருஷம் வியட்நாம் கடற்கரை, அதற்கு முந்தி பாலித் தீவு. இந்த வருஷம் போர்ச்சுகல்தான் நாகரிகம். போகாதவரை ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். போகிறவர்கள் ஒவ்வொருவரும் பிரிவு விருந்து வைத்து, அழுது, தங்கள் காற்று சுத்திகரிப்பு எந்திரத்தை யூப்பின் அறையில் விட்டுவிட்டுப் போனார்கள். எந்திரங்கள் சுவரோரம் வரிசையாக நின்று, பஜனை மடம் போல முனகிக்கொண்டிருந்தன.

சந்து முனையில் ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு பெட்டி. காற்றை அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா என்று விளக்குப் போடும். அதே நிறம் ஊரார் கைப்பேசியிலும் தெரியும். அதற்குப் பொறுப்பாளர் வார்டு அலுவலகக் காற்றுப் பிரிவின் தவீசக். ஒருநாள் அவன் முகம் வெளுத்துக் கடைக்கு வந்தான்.

"அக்கா, பெட்டி சிவப்பு காட்டுது. மேலிடத்திலேருந்து போன் மேல போன்."

"காத்து கெட்டிருந்தா சிவப்புதானே காட்டும், தம்பி."

"அதத்தான் நானும் சொன்னேன். 'அப்ப காத்து நல்லா இருக்கிற எடத்துல வை'ன்னுட்டாங்க. நியாயம்தானே? காய்ச்சல் பாக்கிற கருவிய யாராவது அடுப்புல வெச்சுப் பாப்பாங்களா?"

கம்பேங் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. அலுவலகத்தின் பலமே அதுதான்: ஒவ்வொரு படியும் நியாயமாக இருக்கும், போய்ச் சேர்கிற இடம்தான் வேறு.

மேற்படி பெட்டி, பொதுநலன் கருதி, முதலில் கோயில் அரசமரத்தடிக்கு மாற்றப்பட்டது. சுற்றிலும் குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சினார்கள். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து விளக்கே எரியவில்லை. 'மாசு ஏதும் பதிவாகவில்லை' என்று அலுவலகம் மகிழ்ச்சியுடன் அறிவித்தது. காய்ந்ததும் மறுபடி சிவப்பு.

தவீசக் தலையில் கை வைத்துக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது மாடியிலிருந்து அந்த முனகல் கேட்டது. மெல்ல நிமிர்ந்தான்.

"அக்கா, மேல என்ன சத்தம்?"

"யூப்போட மெஷினுங்க."

"எத்தனை?"

"எண்ணிப் பாக்கல. உள்ள போனா காத்து குளிர்காலத்துல மாதிரி சுத்தமா இருக்கும்."

அன்று மாலையே பெட்டி யூப்பின் கட்டில் தலைமாட்டில் ஏறியது.

"என் ரூம்லயா வைக்கப் போறீங்க?" என்றார் யூப்.

"வார்டு எல்லைக்குள்ளதானே இருக்கு, மாமா? பொதுநலன்."

ஹாலந்துக்காரரிடம் பொதுநலன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நகர்ந்து இடம் விட்டார்.

விளக்கு பச்சையாயிற்று. இரண்டே வாரத்தில் அந்த வார்டு மாவட்டத்திலேயே தூய காற்றுள்ள வார்டு ஆயிற்று. அதற்கு ஒரு விருதும் அறிவித்தார்கள். அலுவலகத்தார் காலையில் மைதானத்தில் உடற்பயிற்சி செய்தார்கள். இருமல் வந்தால் ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். போர்ச்சுகல் போகாமல் மிச்சமிருந்த வெள்ளைக்காரர்கள் கைப்பேசியில் பச்சைப் புள்ளியைக் கண்டு சந்துக்குப் படையெடுத்தார்கள். முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கடை வாசலில் பாய் விரித்து மூச்சுப் பயிற்சி செய்தார்கள். எதிர்ச் சாரி வீடு புகையில் தெரியவில்லை. "இங்கே காற்றே தனி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

யூப்புக்குத்தான் கஷ்டம். ஜன்னலைத் திறக்கக்கூடாது. கொசுவர்த்தி ஏற்றக்கூடாது. கதவைச் சட்டென்று திறந்து சட்டென்று மூட வேண்டும். பாவம் என்று ஒருநாள் கம்பேங் மீன் வறுத்துச் சுடச்சுட மாடிக்கு எடுத்துப் போனாள். யூப் முதல் துண்டை வாயில் வைக்கவில்லை, தவீசக் படியேறி ஓடி வந்தான்.

"அக்கா! என்ன பண்ணினீங்க? வார்டு பூரா சிவப்பாயிடுச்சு! பயிற்சி பண்ணிக்கிட்டு இருந்தவங்க பாயைச் சுருட்டிட்டு ஓடறாங்க!"

"மீன் வறுத்தேன்டா."

"என்ன மீன்?"

"நைல் கெண்டை. ஏன், மீன் மேல கேஸ் போடப் போறியா?"

"இனிமே வேகவெச்சு எடுத்துட்டுப் போங்க. பொதுநலன் கருதிச் சொல்றேன்." சொல்லிவிட்டு, ஆதாரம் மிஞ்சக்கூடாது என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் கம்பேங் ஜன்னலோரத் தராசைப் பார்த்தாள். வலது தட்டு இறங்கிக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் இறங்காத தட்டு.

"யூப்பு... போறீங்களா?"

"இந்த விருது விழா முடியட்டும்னு இருக்கேன்," என்றார் யூப், மீனைப் பார்த்தபடி.

தவீசக் படியிலேயே கம்பேங்கைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அவரை விட்டுறாதீங்க! அவர் போனா மெஷின் நிக்கும், மெஷின் நின்னா பச்சை போகும். அவர் இப்ப வெளிநாட்டுக்காரர் இல்ல அக்கா, வார்டோட நுரையீரல்! கல்யாணம் பண்ணி வெச்சாவது புடிச்சு வைக்கணும்."

கம்பேங் கையிலிருந்த மீன் தட்டு நழுவிப் படிப்படியாக இறங்கிப் போயிற்று.

"போடா, பைத்தியக்காரா," என்றாள். ஆனால் அன்று குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

விழா நாள் வந்தது. மேலிடத்துப் பெரியவர் நேரில் வந்து தூய காற்று விருது வழங்குவதாக ஏற்பாடு. சந்து முழுக்கக் கூட்டிப் பெருக்கினார்கள். தேக்கிலை எல்லாம் கம்பேங் வீட்டுப் பக்கவாட்டில் ஆளுயரம் குவிந்தது. குவியலுக்கு முன்னால் அலுவலகத்துப் பலகை: 'இலை, குப்பை எரிக்காதீர். காற்று நம் அனைவரின் சொத்து.'

சொத்தைப் பார்க்கப் பெரியவர் மாடியேறினார். பின்னாலேயே பரிவாரம் ஏறியது. அறைக்குள் மூச்சு விட இடமில்லை. புதுச் சாமான் எதுவானாலும் அந்த ஊரில் முதலில் கும்பிட்டுத்தான் கை வைப்பார்கள். அத்தனை பெருமை தேடித் தந்த பெட்டியைச் சும்மா விடலாமா? வேகவைத்த கோழி வைத்தார்கள். சிவப்பு சோடா வைத்தார்கள். பெரியவர் ஊதுபத்திக் கட்டை வாங்கி ஒரு கொத்து ஏற்றினார். பெரியவரே ஒரு கொத்து ஏற்றும்போது மற்றவர்கள் ஒற்றைக் குச்சி ஏற்றினால் மரியாதைக் குறைவு. ஆளுக்கொரு கொத்து ஏற்றினார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. கதவை, உத்தரவின்படி, தவீசக் சட்டென்று மூடினான்.

எந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஊளையிட்டன. பெட்டி மஞ்சளாயிற்று, சிவப்பாயிற்று, கத்தரிக்காய் ஊதாவில் வந்து நின்று அலறத் தொடங்கியது.

"இது என்ன நிறம்?" என்றார் பெரியவர்.

தவீசக் விளக்கைக் கையால் மறைக்கப் பார்த்தான். "ஊதாங்க. விதிப்படி... ஊதா வந்தா கட்டடத்துல உள்ளவங்க எல்லாரும் உடனே தொறந்த வெளிக்குப் போயிடணும்."

விதி என்றால் விதி. அந்த நகரத்திலேயே சுத்தமான காற்று இருந்த ஒரே அறையை, இப்போது அதுவும் இல்லாத அறையை விட்டு எல்லாரும் படியிறங்கித் தெருவுக்கு ஓடினார்கள். தெருவில் சூரியன் வெங்காயத் தோல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது தேக்கு மரத்துக்கு அப்பால் உலகம் இல்லை.

பெரியவர் மார்பை விரித்து இழுத்து மூச்சு விட்டார். "அப்பாடா! இப்பத்தான் உயிர் வந்துச்சு. இந்த வார்டுக் காத்து காத்துதான்யா!"

பரிவாரமும் இழுத்து மூச்சு விட்டது. விருது அங்கேயே வழங்கப்பட்டது. எல்லாரும் ஒன்றாக இருமினார்கள். தூரத்திலிருந்து கேட்டவர்களுக்குக் கைதட்டல் போல இருந்தது. பின் ஒவ்வொரு வண்டியாகப் புகைக்குள் போய் மறைந்தது.

கூட்டம் கலைந்ததும் யூப் தராசைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"திருப்பிக் குடுக்கணுமே."

"மூட்டை கட்டியாச்சா?" என்றாள் கம்பேங், மேசையைத் துடைப்பது போல.

யூப் இடது தட்டைக் கவிழ்த்துக் காட்டினார். "இது என்ன?"

"அது... மிளகாய் ஒட்டாம இருக்க."

"மிளகாய் மேலதானே இருக்கும்? மெழுகு அடியில இருக்கு. வருஷா வருஷம் வளருது வேற."

கம்பேங்குக்குக் காது சிவந்தது. "தெரியுமா?"

"நான் பாலம் கட்டினவன், கம்பேங். ஒரு பக்கம் சாஞ்சா தெரியாதா?"

"அப்ப ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா எடுத்துடுவியே."

அவள் துணியைக் கீழே வைத்தாள். "இந்தத் தடவை மட்டும் மெழுகு பத்தலையே."

யூப் சட்டைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து மேசையில் வைத்தார். "வலது தட்டுல நான்தான் இதை வெச்சேன், கொட்டைகளுக்கு அடியில. மெழுகு பேசினது போதும், நீ வாயைத் தொறந்து சொல்றியான்னு பாக்கலாம்னு."

கம்பேங் கூழாங்கல்லைப் பார்த்தாள், கவிழ்க்காத நாற்காலிகளைப் பார்த்தாள். "போகாதீங்க," என்றாள். "நாற்காலி எல்லாம் அப்படியே கிடக்கு."

"அவ்வளவுதானா?"

"மீதிய மழை வந்ததும் சொல்றேன். இப்ப தொண்டை கரகரங்குது."

யூப் முதல் நாற்காலியைத் திட்டியபடி கவிழ்த்தார்.

அதற்குள் தவீசக் திரும்ப வந்துவிட்டான், மூச்சு வாங்க. "அக்கா! பெரியவர் போட்டோ எடுக்க நாளைக்கும் வர்றாராம். இந்த இலைக்குவியல் பக்கத்துல இருந்தா படத்துல விழுமே!"

"எரிக்கக்கூடாதுன்னு நீதானே பலகை வெச்சே?"

தவீசக் பலகையைச் சுற்றி நடந்து பார்த்தான். "பலகை ரோட்டைப் பாத்துதானே இருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலையே."

கம்பேங் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. "இந்த ஒரு குவியல்லயா ஊர் கெட்டுப்போகப் போகுது? எல்லாம் அந்த மலைக்காரங்க பண்ற வேலை."

"பக்கத்து நாட்டுக்காரங்களும்," என்றான் தவீசக்.

"காத்தும் இந்தப் பக்கம் பாத்துதானே வீசுது," என்று யூப் பெருமூச்சு விட்டு, ஊதுபத்திக்காக வாங்கி வைத்திருந்த லைட்டரை நீட்டினார்.

காய்ந்த தேக்கிலை படபடவென்று பிடித்தது. மூவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். முதல் தேக்கு மரமும் மறைந்தது. கம்பேங் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போனாள். யூப் மிச்ச நாற்காலிகளைக் கவிழ்க்க அவள் பின்னாலேயே போனார்.

தவீசக் மட்டும் நின்று கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். மாடியில் சாத்திய ஜன்னலுக்குள், ஆளில்லாத அறையில், எந்திரங்கள் ஊதுபத்திப் புகையைத் தின்று முடித்துவிட்டிருந்தன.

"பச்சை," என்று திருப்தியாகச் சொல்லிக்கொண்டு, இருமியபடியே நடந்து போனான்.