மாமனார் சமப்படுத்திய காடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், மரங்களைத் தவிர. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

நீங்கள் வெளியூர் கிளம்பும்போது வீட்டுக்குப் பின்னால் கயிறு கட்டிய இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். பார்த்தேன். மேடும் பள்ளமும் இலைக் குப்பையுமாகச் சகிக்கவில்லை. ஆயுசு முழுக்க ரோடு போட்டவன் கை சும்மா இருக்குமா? பழைய சிநேகிதரிடம் ரோலர் இரவல் வாங்கி, மாப்பிள்ளை வந்து அசந்துபோகட்டும் என்று, மரங்களுக்கு நடுவே கேரம் பலகை மாதிரி சமப்படுத்திவிட்டேன். ஓடிவந்த மகள் தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, வேரோட ஒட்டிக்கிட்டு எத்தனை விதமான பூஞ்சை இருந்துச்சு தெரியுமா? மரத்துக்குத் தண்ணி, சத்து எல்லாம் அதுதான் கொண்டாந்து குடுக்கும். மொத்தமா நசுக்கிட்டீங்களே. அவரோட மூணு வருஷ ஆராய்ச்சிப்பா." எனக்கு அப்போது அவ்வளவாக உறைக்கவில்லை.

மழை பெய்ததும் உறைத்தது. முன்பெல்லாம் அங்கே சிவப்பு, மஞ்சள், பழுப்பு என்று விதவிதமாகக் காளான் முளைக்கும். இந்த முறை சாம்பல் நிறத்தில் ஒரே ரகம்தான், ரோலர் போன தடத்திலேயே, வரிசை பிசகாமல். பிடுங்கிப் போட்டேன். காபி குடித்துவிட்டு வந்தால் அதே வரிசையில், அதே உயரத்தில் நிற்கிறது. மரங்கள் உச்சியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன. காற்று அடித்தாலும் இலைச் சத்தம் வருவதில்லை. நேற்று உங்கள் படுக்கையறைத் தரை விரிசலில் இரண்டு காளான் எட்டிப் பார்த்தன. எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. உங்கள் உழைப்பு என்னால் போச்சே என்பது அதைவிட வலிக்கிறது.

மகளிடம் கெஞ்சி வழி கேட்டேன். "யாரும் கை வைக்காத காட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டாந்து வேர்ல போட்டா, பூஞ்சை திரும்பி வரலாம்" என்றாள். வரலாம்தானாம், சத்தியம் பண்ண மாட்டாளாம். உடனே எதிர் மேட்டுக் காட்டிலிருந்து கூடை கூடையாகச் சுமந்து போட்டேன். இடுப்பு போயே போச்சு. ஆனால் இன்று காலை ஒரு மரத்தில் துளிர் தெரிந்தது. அதனால் கவலையை விடுங்கள். என்னை மன்னித்து, போன வேலையை முடித்துக்கொண்டு நிதானமாகவே வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தையின் ஆசியும் என் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் கேட்டாள்: "மண்ணை எந்த மரத்தடியில எடுத்தீங்க?" ஒரே மரத்துக்கு நஷ்டம் வைக்கக் கூடாதே என்று, மேடு முழுக்க ஒவ்வொரு மரத்தடியிலும் ஆழ வெட்டி ஒவ்வொரு கூடை எடுத்திருந்தேன். நியாயம்தானே என்றேன். அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். எதிர் மேட்டில் ஒரு மரம் பாக்கியில்லாமல் உச்சி மஞ்சளாக நிற்கிறது. நிதானமாக வர வேண்டாம், மாப்பிள்ளை.